வின்னிபெக் அணியில் ஓர் இடம்

வான்மதிக்கு அந்த வாரம் முழுக்க ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மெண்டில் சமையலறைக்கும் பால்கனிக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். இருக்காதா பின்னே? கனடாவில், வின்னிபெக்கில் பிறந்தவள். பன்னிரண்டு வயதிலிருந்து கர்லிங் ஆடி, மாகாணப் போட்டிவரை போனவள். அகிலனைக் கட்டிக்கொண்டு நியூ ஜெர்சி வந்து இரண்டு வருஷம். இப்போது, தொண்ணூற்றேழு பிப்ரவரியில், பழைய அணியில் அடுத்த சீசனுக்கு ஓர் இடம் காலி. அணித்தலைவி கேரல் சனிக்கிழமை இவள் ஆடுவதைப் பார்க்க வருகிறாள். கால் முன்போல ஓடுகிறதா என்று பார்த்துத்தான் சேர்ப்பாளாம்.

ஆட்டம் இதுதான், கண்ணுகளா. நாற்பது பவுண்டு கருங்கல்லைப் பனித்தரையில் வழுக்கிவிட்டு, தூரத்து வட்டத்தில் நிறுத்த வேண்டும். கல்லுக்கு முன்னால் இரண்டு பேர் ஓடிக்கொண்டே துடைப்பத்தால் தரையைத் தேய்ப்பார்கள்; தேய்த்தால் கல் இன்னும் கொஞ்சம் போகும். வான்மதி தேய்ப்பதில் கெட்டிக்காரி.

சனிக்கிழமை ஆட்டத்துக்கு அகிலன் கார் ஓட்ட, ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் தனபாக்கியம் இரண்டு ஸ்வெட்டரும் மஃப்ளருமாகக் கூடவே வந்தார்.

“கூட்டறதுக்கா கண்ணு இத்தன வருசம் பழகுனே?”

“வீட்டுல கூட்டுனா யாருங்கத்தை கப்பு குடுக்கறாங்க?”

கடைசிக் கல். எதிரணியின் கல்லைத் தட்டிவிட்டால் ஜெயம். வான்மதி குனிந்து தேய்த்துக்கொண்டு ஓடினாள். பாதி தூரத்தில் கால் ஒரு அடி பிந்தியது. துடைப்பம் கல்லை உரசியது. மயிரிழைதான். யாரும் கவனிக்கவில்லை.

அவள் காலை நீட்டிக் கல்லை நிறுத்தினாள். “என் துடைப்பம் பட்டுவிட்டது” என்று கையைத் தூக்கினாள். துடைப்பம் பட்ட கல் செல்லாது. ஆட்டம் போயிற்று.

“ஆரும் பாக்கலியே, நீயா எதுக்குச் சொன்னே?” என்றார் தனபாக்கியம்.

“இந்த ஆட்டத்துல பட்டவங்களேதான் சொல்லணுங்கத்தை. அம்பயர் கூவ மாட்டாரு.”

“நல்ல ஆட்டம் போ.”

கேரல் வந்தாள். சொன்னதற்காக ஒரு பாராட்டும் இல்லை. அவர்களுக்கு அது சாப்பிட்டால் கை கழுவுவது மாதிரி.

“கால் பிந்துது, வான்மதி. முன்னாடி உன் துடைப்பம் இப்படிக் கல்லுல பட்டதே இல்ல. இந்த இடத்தை வேற பொண்ணுக்குத்தான் கொடுக்கணும்” என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

வான்மதி விடவில்லை. “செப்டம்பர்ல நீங்க பனித்தரை போட்டதும் வின்னிபெக் வரேன். எத்தனை மாசம் பழகணும்?”

“நாலு மாசம். அப்பவும் மாற்று ஆட்டக்காரிதான். உறுதி கிடையாது.”

காரில் ஹீட்டர் சூடேறும் முன்பே வான்மதி ஆரம்பித்துவிட்டாள். “செப்டம்பர்ல வின்னிபெக் போறேன், அகில். நாலு மாசம்.”

“லீவு அப்ளை பண்ற மாதிரி சொல்ற?”

“அப்ளை பண்ணல. சொல்றேன்.”

அகிலன் ரோட்டை விட்டுவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தான். அதற்குள் வீட்டுக்கு இறங்க வேண்டிய எக்ஸிட் போய்விட்டது.

“ஊடு அந்தப் பக்கமில்லடா?” என்றார் பின்சீட்டிலிருந்து தனபாக்கியம்.

திரும்ப இன்னும் மூன்று மைல் போக வேண்டும். அதற்குள் பேசி முடித்துவிட வேண்டும் என்று வான்மதி அவன் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள்.