கறுவலின் பத்து நாள்

ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் கூழ். கரண்ட் போனது, ரயில் நின்றது, மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் கண்ணால் காணாத சாமான்களாகிவிட்டன. அந்த ஒரு வழக்கத்தை மட்டும் நான் விடவில்லை. கொக்குவிலில் எங்கள் வளவு மாமரத்தின் கீழ் அடுப்பு மூட்டி, மரவள்ளியும் பயத்தங்காயும் பலாக்கொட்டையும் அவியப் போட்டு, பனங்கிழங்கு ஒடியல் மா கரைத்து விடுவது என் வேலை. மீனும் நண்டும் கொண்டுவருவது மக்டலீனின் வேலை.

நானும் அவளும் ஒரே தட்டெழுத்து வகுப்பில் படித்தவர்கள். அவள் குருநகர்க்காரி. கடற்கரையில் ஷெல் விழத் தொடங்கியதும் இடம்பெயர்ந்து, எங்கள் ஊரிலேயே ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டில் வந்திருந்தாள். அவள் புருஷன் இன்னாசித்தம்பி அண்ணை மட்டும் பயந்து பயந்து கரையோரம் வலை போட்டு, கிடைத்ததைக் கொண்டுவருவார். என் புருஷன் பஞ்சலிங்கத்தின் வேலை, அடுப்பைச் சுற்றி வந்து உப்புக் காணாது என்று சொல்வது.

மிச்ச ஆள் கறுவல், எங்கள் நாய். கூழ் கொதிக்கத் தொடங்கினால் அது படலைப் பக்கம் எட்டியும் பார்க்காது. காவல் வேலைக்கு ஞாயிறு லீவு. மக்டலீன் தன் ஓலைப் பிளாவிலிருந்து மீன் துண்டை எடுத்து, முள் நீக்கி, அதற்குக் கையால் ஊட்டுவாள்.

"நாயைப் பழக்கிக் கெடுக்கிறாய்," என்று நான் பேசுவேன்.

"நீ அதுக்குப் பேச்சு மட்டும்தானே குடுக்கிறாய். சாப்பாடு நான் குடுக்கிறன்," என்பாள்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு ஆவணியில் ஒரு ஞாயிறு. பன்னிரண்டரை மணி. ஓலைப் பிளாவில் கூழை வார்த்து வாயருகே கொண்டு போகவில்லை, பொம்மர் விமான இரைச்சல் கேட்டது. வளவில் வெட்டியிருந்த எங்கள் பங்கருக்குள் எப்போதும் முதலில் ஓடுவது கறுவல். அடுத்தது நான், சொல்ல வெட்கந்தான், ஆனால் அதுதான் உண்மை. பிறகு இவர். மக்டலீன் கூழ்ப் பானையை மூடிவிட்டுக் கடைசியாக வந்து குதித்தாள். குதித்தது கறுவலின் வாலில்.

இருட்டுக்குள் ஓர் உறுமல், ஓர் அலறல். குண்டு எங்கோ தூரத்தில் விழுந்தது. வெளியே வந்து பார்த்தால் மக்டலீனின் கெண்டைக்காலில் நாலு பல்லுக் காயம், இரத்தம் செருப்பு வரை வழிந்திருந்தது.

"வாலிலை மிதிச்சால் நானும்தான் கடிப்பன்," என்று அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பின் நடுவில்தான் பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டி என் ஞாபகத்துக்கு வந்தது.

ஒரு மாதத்துக்கு முன் ஒரு விசர்நாய் எங்கள் ஒழுங்கையால் ஓடியது. இரத்தினம்மா அக்காவின் கன்றைக் கடித்துவிட்டுப் போனது. பிறகு கன்று வாயால் நுரை தள்ளிச் செத்தது. அந்த நாய் ஓடிய பின்னேரம் கறுவல் எங்கே நின்றது? ஒழுங்கையில்தான் நின்றது. நான்தான் அவிழ்த்து விட்டிருந்தேன். அதற்கு ஊசி போட்டு எத்தனையோ காலம்.

மக்டலீனைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு இவர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நான் பின்னால் ஓடினேன். டொக்டர் ஓர் இளம்பிள்ளை, நித்திரை கொள்ளாத முகம். காயத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொன்னார். ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு துண்டுச் சவர்க்காரத்தைத் தாதி பூட்டைத் திறந்து எடுத்துத் தந்தாள்.

"விசர்நாய் ஊசி கொஞ்சம்தான் கிடக்கு. கடிச்ச நாய் செத்துப்போன ஆக்களுக்கும், நாயைத் தவறவிட்ட ஆக்களுக்கும்தான் குடுக்கலாம். உங்கடை நாய் கண்ணுக்கு முன்னாலை நிக்குதுதானே? கட்டி வைச்சுப் பத்து நாள் பாருங்கோ. அது சுகமாய் நிண்டால் இவவுக்கும் பயமில்லை. தண்ணி குடிக்குதோ எண்டு கவனியுங்கோ. குடிக்காமல் விட்டால் உடனை ஓடி வாங்கோ," என்றார்.

அந்த விசர்நாய் வருத்தம் மனிசருக்கு வந்துவிட்டால் பிறகு மருந்தில்லை. அதை டொக்டர் சொல்லவில்லை. எங்களில் யாருக்கும் சொல்லத் தேவையும் இல்லை.

கறுவலை மாமரத்தில் கட்டினேன். மக்டலீனின் உயிர் அந்தக் கயிற்றின் நுனியில் நின்று வாலாட்டியது. நான் கந்தோர் வேலைக்குப் போகவில்லை. விடியக் காலையில் எழும்பினால் முதலில் பார்ப்பது சட்டியில் தண்ணீர் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று. அது கொட்டாவி விட்டால் ஓரடி பின்னால் போவேன். வாயோரம் கொஞ்சம் எச்சில் கண்டாலும் இவரைக் கூப்பிட்டுக் காட்டுவேன். முன்பெல்லாம் அது குரைத்தால் கல்லெடுத்து எறிவேன். இப்போது குரல் மாறியிருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டேன். என் நாய்க்கே நான் பயந்தேன். சோற்றைத் தடியால் தள்ளிக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு மக்டலீன் வந்தாள், இன்னாசித்தம்பி அண்ணையும் வந்தார். கூழ் காய்ச்ச யாருக்கும் மனமில்லை. கறுவலின் கயிறு எட்டாத தூரத்தில் பாய் போட்டு இருந்தோம். அண்ணை நல்ல பாரை மீன் ஒன்று கொண்டுவந்திருந்தார். அதை நாய்க்கு அவித்து வைத்துவிட்டு நாங்கள் நாலு பேரும் வெறுங் கஞ்சி குடித்தோம்.

"கடிச்சவனுக்குப் பாரை, கடி வாங்கினவளுக்குக் கஞ்சி," என்றாள் மக்டலீன். யாரும் சிரிக்கவில்லை.

"இண்டைக்கு எட்டு. நாளைக்கு ஒன்பது, செவ்வாய் பத்து," என்று நான் விரல் மடித்துச் சொன்னேன்.

"கடிச்ச நாளையும் சேர்த்தோ எண்ணுறது?" என்று கேட்டார் இவர்.

"சேர்க்காமல்? எட்டுச்செலவுக்குச் செத்த நாளைச் சேர்த்துத்தானே எண்ணுறம்."

"ஓம், எங்களுக்கும் உதுதான் கணக்கு," என்றாள் மக்டலீன். "யேசுநாதர் வெள்ளி செத்து மூண்டாம் நாள் எழும்பினவர். வெள்ளி, சனி, ஞாயிறு."

"டொக்டர் எப்பிடி எண்ணுவாரோ..."

"டொக்டரும் தமிழன்தானே!" என்று நான் எரிந்து விழுந்தேன். இவர் எழும்பிக் கறுவலின் சட்டிக்குத் தண்ணீர் வார்க்கப் போனார். என் வாய்க்கு முன்னால் நியாயம் நிற்காது என்று அவருக்குத் தெரியும்.

திங்கட்கிழமை கறுவல் சோற்றைத் தொடவில்லை. மத்தியானமும் தொடவில்லை. நான் சாமி அறைக்கும் மாமரத்துக்கும் இடையில் நடந்தே அன்றைய பொழுதைக் கழித்தேன். பின்னேரம் அது பாரை மீன் முழுவதையும் சத்தி எடுத்துவிட்டு, சட்டித் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தது. கள்ள நாய். அளவுக்கு மீறித் தின்றதுதான் வருத்தம். நான் நிலத்தில் இருந்து அழுதேன்.

செவ்வாய் காலை, பத்தாம் நாள். கறுவலை அவிழ்த்து விட்டேன். அது வளவை மூன்று தரம் சுற்றி ஓடியது. இவரைச் சைக்கிளில் அனுப்பினேன்: "மக்டலீனிட்டைப் பத்தும் முடிஞ்சுது எண்டு சொல்லுங்கோ. அப்பிடியே டொக்டருக்கும் ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு வாங்கோ."

அவர் போன பின் பொம்மர் வந்தது. வழக்கத்தை விடத் தாழப் பறந்தது. நான் பங்கருக்குள் போய்த் தலையைக் குனிந்துகொண்டேன். வெளியே வந்து பார்த்தபோது படலை திறந்திருந்தது. கறுவலைக் காணவில்லை.

அந்த நேரம் எனக்குக் கோபம்தான் வந்தது, பயம் வரவில்லை. பயம் பின்னேரம் இவர் திரும்பி வந்தபோதுதான் வந்தது. பொம்மர் ஓயும் வரைக்கும் ஆஸ்பத்திரியிலேயே நின்றுவிட்டாராம். சைக்கிளை ஸ்டாண்டில் விடாமல் மதிலில் சாத்தினார்.

"கடிச்ச நாளை எண்ணக் கூடாதாம். நாளைக்குப் பன்னிரண்டரை வரைக்கும் கிடக்காம். நாயை விட்டிட வேண்டாமாம்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார், "ஊசியும் முடிஞ்சுதாம். மருந்துக் கப்பல் வந்தால்தானாம். எப்ப வருமெண்டு தெரியாதாம்."

மக்டலீனிடம் காலையிலேயே சொல்லிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். அவள் மெழுகுதிரி கொளுத்த உடனே கோயிலுக்குப் போய்விட்டாளாம்.

இருளும் வரை இருவரும் தேடினோம். கோப்பாய்ப் பக்கம் இவர் போனார். ஊர் ஒழுங்கைகளில் நான் நடந்தேன். ஒவ்வொரு வேலியாக எட்டிப் பார்த்து, ஒவ்வொரு வெறும் பங்கராகக் குனிந்து பார்த்துக் கூப்பிட்டேன். எல்லா ஒழுங்கைக்கும் போனேன், ஒரு ஒழுங்கையைத் தவிர. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் போக எனக்குக் கால் வரவில்லை. போனால் மக்டலீன் கேட்பாள். கேட்டால் சொல்ல வேண்டும். "நாளைக்குக் காலமை சொல்லலாம், அதுக்குள்ளை நாய் வந்திடும்," என்று இவரிடமும் சொல்லி, என்னிடமும் சொன்னேன்.

காலையிலும் நாய் வரவில்லை. பதினொன்றரை வரை படலையில் நின்று பார்த்தேன். பிறகு நடந்தேன். ரயில் பாதையில் தண்டவாளமும் இல்லை, சிலிப்பர் கட்டையும் இல்லை. எல்லாம் பங்கர்களுக்குப் போய்விட்டன. வெறும் சல்லிக் கல்லின் மேல் நடந்து அவள் வீட்டுப் படலையைத் திறந்தேன்.

மக்டலீன் குசினி வாசலில் குந்தியிருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். முன்னால் கறுவல். அவள் கையில் வைத்த துண்டை எடுத்துத் தின்றுவிட்டு, அந்தக் கையை நக்கியது. மீன் முள்ளும் செட்டையும் கீறிய காயம் நிறைந்த கை அது.

"வாடி பத்மா. உன்ரை பிள்ளை நேற்றுப் பொம்மரோடை இஞ்சை ஓடி வந்திட்டுது. பங்கரை விட்டு வெளியிலை வரமாட்டன் எண்டு உள்ளுக்கையே கிடந்தது. இண்டைக்குக் கொண்டந்து விடுவம் எண்டு இருந்தனான்," என்றாள். கறுவலின் தலையைத் தடவினாள். "பத்தும் முடிஞ்சுது எண்டு நீ சொல்லிவிட்டதாலைதான் பயமில்லாமல் தொட்டனான்."

"கையை எடு," என்றேன்.

"என்ன?"

"கையை எடடி! முடியேல்லை. நான் எண்ணினது பிழை. இண்டைக்குத்தான் பத்து."

அவள் கை அப்படியே நின்றது. பிறகு மெதுவாக எடுத்து, விரல்களைத் திருப்பிப் பார்த்தாள்.

"நேற்று இது என்ரை முகத்தையும் நக்கினது," என்றாள். "உனக்கு எப்ப தெரியும்?"

"நேற்றுப் பின்னேரம்."

"நேற்றுப் பின்னேரம் தெரிஞ்சு, இண்டைக்கு மத்தியானமே வாறாய்?"

ஊசி முடிந்ததையும் சொன்னேன். அவள் வெட்டிய மீனைச் சட்டியால் மூடினாள். என்னை ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கறுவல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து வாலாட்டியது.

"தண்ணி குடிச்சதோ?" என்று கேட்டேன்.

"முத்தத்திலை சட்டி வைச்சனான். நேற்றிலை இருந்து ஒரு சொட்டும் குறையேல்லை."

மணிக்கூட்டைப் பார்த்தேன். பன்னிரண்டு இருபது. அப்போதுதான் அந்த இரைச்சல் தொடங்கியது. முதலில் தெற்கே, பிறகு தலைக்கு நேரே. கறுவல் ஒரே பாய்ச்சலில் பங்கருக்குள் போய்விட்டது. மக்டலீன் பங்கர் வாசல் வரை ஓடினாள், அங்கேயே நின்றாள். மேலே பொம்மர், உள்ளே நாய். கடிபட்ட காலை உள்ளே வைத்தாள், திரும்ப எடுத்தாள்.

இத்தனை நாளும் நான் அவளைக் கடைசியாக விட்டுவிட்டு முதலில் குதித்தவள். அன்றும் முதலில்தான் குதித்தேன். உள்ளே போய், கறுவல் கிடந்த மூலைக்கும் மற்றப் பக்கத்துக்கும் நடுவில் இருந்து, காலை நீட்டி வழியை அடைத்தேன்.

"வா. எனக்குப் பின்னாலை இரு. கடிச்சால் என்னைக் கடிக்கட்டும்," என்று கத்தினேன்.

அவள் இறங்கி என் முதுகோடு ஒட்டி இருந்தாள். முதல் குண்டு விழுந்தது. மண் கொட்டியது. இருட்டில் கறுவலின் மூச்சு என் முழங்காலில் சுட்டது. ஈரமாக ஏதோ பட்டது. மூக்கா, பல்லா, தெரியவில்லை. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அது என் காலை விட்டு மூலைக்குத் திரும்பியது.

பிறகு ஒரு சத்தம். சளக், சளக், சளக்.

"என்னது?" என்றேன்.

மக்டலீன் என் கையைப் பிடித்தாள். "வாளி. குடிதண்ணி வாளி. பங்கருக்குள்ளை வைச்சிருக்கிறம்... அதுதான் சட்டித் தண்ணி குறையேல்லை," என்றாள். அவள் குரல் உடைந்தது. "குடிக்குதடி. தண்ணி குடிக்குது."

பொம்மர் திரும்பி வந்தது. அடுத்த குண்டு எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியாது. நான் அந்த நக்குச் சத்தத்தை வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழு, எட்டு, ஒன்பது.

"எண்ணாதை," என்றாள் மக்டலீன், என் கையை விடாமல். "உனக்கு எண்ணத் தெரியாது."