தட்டத்தில் வந்த பச்சைப் போத்தல்

அத்தர் வாங்க வருகிறவரின் புறங்கையில் ஒரு சொட்டு இழுத்துவிட்டு, உடனே மூக்கில் வைக்கச் சொல்வதுதான் கல்முனைக் கடைத்தெருவின் பரீட்சை. ஆள் கண்ணை மூடினால் வியாபாரம் முடிந்தது. முகத்தைச் சுளித்தால் அடுத்த குப்பியைத் திறக்க வேண்டியதுதான். இந்தப் பரீட்சைக்கு ஆதம்பாவா முதலாளிதான் பெரிய பரீட்சகர். ஊது என்கிற அகிலும் சந்தனமும் ரோஜாவும் விற்று வளர்ந்த மூக்கு அவருடையது. அந்த எண்ணெய் அத்தர்கள் காலையில் எப்படியோ மாலையிலும் அப்படியே மணக்கும். ஆகவே ஒரு மணத்தைக் காத்திருந்து மணக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொன்னாலும் அவர் கேட்கிற ஆளில்லை.

எண்பத்திரண்டாம் ஆண்டு மாரியில் அவருடைய தங்கை ஹாஜறாவின் வீட்டுக்குச் சவளக்கடை ஊரிலிருந்து ஒரு சீர்த்தட்டம் வந்தது. ஹாஜறாவின் மகள் ஸுல்பிகாவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை அதாவுல்லா கட்டாரில் வேலை. அவர் அனுப்பிய சாறிகளையும் பவுடரையும் அவருடைய உம்மா அடுக்கிக் கொடுத்தனுப்பியிருந்தார். நடுவில், இளநீர்க் குரும்பை நிறத்தில், பிரெஞ்சு எழுத்தோடு ஒரு சென்ட் போத்தல் நிமிர்ந்து நின்றது.

ஆதம்பாவா வழக்கப்படி புறங்கையில் ஒரு சொட்டு விட்டு மணந்தார். மூக்கு பின்னுக்குப் போனது.

"சீச்சீ! பாவக்காயை இடிச்சுச் சாறெடுத்த மாதிரி இரிக்கி."

"என்ன காக்கா, பூச்சிமருந்தா?" என்று அண்ணனைக் கேட்டாள் ஹாஜறா.

"பூச்சிமருந்தெண்டா பூச்சியாவது சாகும். கட்டாருல ஊதும் சந்தனமும் தெருத்தெருவாக் கிடக்கு. அதையெல்லாம் உட்டுப்போட்டு இதைத் தேடிப் புடிச்சிரிக்கானெண்டா, அவனுக்கு மூக்கில்ல. இல்லாட்டி மனசில்ல."

அந்தக் கடைசிச் சொல் ஹாஜறாவின் நெஞ்சில் போய்த் தைத்தது. பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்து ஆளுக்கொரு தடவை மணந்தார்கள். விருப்பமில்லாத மாப்பிள்ளைதான் கசப்பை அனுப்புவான் என்று ஆளுக்கொரு விளக்கமும் சொல்லிப் போனார்கள். பொழுதுபடுவதற்குள் முடிவாகிவிட்டது. தட்டம் திரும்பிப் போக வேண்டும்.

தட்டம் திரும்பிப் போவதில் இரண்டு வகை உண்டு. பழமும் பலகாரமும் நிரப்பிப் போனால் சம்மதம். வந்த சாமானோடு போனால் பேச்சு முறிந்தது என்று அர்த்தம். அதற்குமேல் யாரும் வாய் திறந்து எதுவும் சொல்லத் தேவையில்லை.

ஸுல்பிகாவுக்குத்தான் சொல்ல நிறைய இருந்தது. பெண் பார்க்க வந்தபோது அவளையே பார்த்துக்கொண்டிருந்து தேத்தண்ணியைத் தன் சட்டையில் ஊற்றிக்கொண்டவர் அதாவுல்லா. அன்றிலிருந்து அவளுக்கு அவர்தான். ஆனால் தன் கலியாணத்தைப் பற்றிப் பெண்பிள்ளை கதைப்பது அந்த வீட்டில் வழக்கமில்லை. படுக்கப் போகுமுன் அந்தப் போத்தலில் கொஞ்சம் தலையணையில் தடவியிருந்தாள். விடியற்காலை சுபஹுத் தொழுகைக்கு எழும்பியபோது தலையணை வேறொரு கதை சொன்னது.

"உம்மா, அந்தச் சென்ட் விடிய வேற மாதிரி மணக்குது" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

"வாயை மூடு. மாப்புளைக்கு நீயா வக்கீல்?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். தட்டத்தைக் கட்டுகிற வேலை அவளுக்குத் தரப்பட்டது. சாறிகளுக்கு நடுவில் போத்தலைப் படுக்க வைப்பதற்கு முன், அதைத் தட்டம் மூடுகிற சீலையில் தாராளமாகக் கவிழ்த்துவிட்டு, நாலு மூலையையும் இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

தட்டத்தைக் கொண்டுபோகிற பொறுப்பு ஆதம்பாவாவுக்கும் அவர் மனைவி றபீக்காவுக்கும் விழுந்தது. பஸ்ஸில் றபீக்காவின் மடியில் தட்டம் ஏறியதும் முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தான்.

"முதலாளி, கிருமிநாசினி எல்லாம் சனத்தோட ஏத்தப்படாது."

"கேட்டீங்களா புள்ள? கண்டக்டருக்கே விளங்குது!" என்று ஆதம்பாவா சந்தோஷப்பட்டார். றபீக்கா யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கிட்டங்கி ஆற்றடியில் பஸ் நின்றுவிட்டது. வெள்ளம் தாம்போதிப் பாலத்துக்கு மேலால் போய்க்கொண்டிருந்தது. அக்கரைக்குப் போக உழவு மெசின் வரவேண்டும். வரும், வரும் என்றார்கள். நடுப்பகல் ளுஹர் பாங்கு சொல்லும் வரைக்கும் வரவில்லை. றபீக்காவையும் தட்டத்தையும் ஒரு பெட்டிக்கடைத் தாவாரத்தில் இருத்திவிட்டு ஆதம்பாவா பள்ளிக்குப் போனார்.

காலையில் தட்டத்துச் சீலை பட்ட கையைச் சவுக்காரம் போட்டுத் தேய்த்திருந்தார். இப்போது தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுவும் எடுத்தார். அப்படியும் நெற்றி நிலத்தில் படும் சுஜூதில் முகத்துக்குப் பக்கத்தில் கை போனபோது, மழை விட்ட வயல்வட்டைக்குள் வரம்பில் நிற்கிற மாதிரி ஒரு மணம் எழும்பியது. பாசி பிடித்த கல், புதுத் தோல் செருப்பு, அதற்கடியில் ஆம்பளை மணமா பொம்பளை மணமா என்று பிடிபடாத ஏதோ ஒன்று. இரண்டாம் சுஜூதுக்கு அவர் வழக்கத்தைவிடச் சுறுக்காகப் போனார். பிறகு வெட்கப்பட்டு அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டார்.

தொழுகை முடிந்து சலாம் கொடுத்ததும் பக்கத்தில் இருந்த மனிதர் காதோரம் குனிந்தார். "காக்கா, என்ன அத்தர் இது? எங்க எடுக்கலாம்? என்ன விலை வரும்?"

ஆதம்பாவா கையை மறுபடி மூக்கில் வைத்துப் பார்த்தார். தன் மூக்கைக்கூட அவர் சந்தேகிப்பார். விலை கேட்கிற வாடிக்கையாளனைச் சந்தேகித்ததே இல்லை. புகழாமல், குப்பியைக் காட்டாமல், ஒரு பொருளுக்கு விலை கேட்டு ஆள் வந்தது அவர் வியாபாரத்தில் அதுதான் முதல் தடவை.

கடைத் தாவாரத்துக்கு ஓடினார். றபீக்கா தட்டத்தின்மேல் கவிழ்ந்து கிடந்தாள்.

"என்ன புள்ள, நித்திரையா?"

"இல்ல. இந்தச் சீலையை மணந்து பாருங்க."

மணந்தார். மறுபடியும் மணந்தார்.

"இதுவா புள்ள காலையில கசந்தது?"

"இதேதான். நான் அப்ப இருந்து மணந்துகொண்டு இரிக்கன். கசப்புப் போய், மறுகா என்னமோ ஒரு குளிர்ச்சி. உங்கட பரீட்சை பிழையாப் போயிட்டு."

"பரீட்சை பிழையில்ல. முடிவு மணியைச் சுறுக்கா அடிச்சிட்டம்." தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "கிறுகி, வந்த வழிய வீட்ட போவமா?"

"போய்? உங்கட தங்கச்சி நாளைக்கு வேற ஆளைப் புடிச்சு இதே தட்டத்தைக் குடுத்தனுப்புவா. போற வழிக்கே போவம். தட்டத்தை மட்டும் மாத்துவம்."

பேரம் பேசுகிற குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவள் அல்லவா. பெட்டிக்கடையில் இருந்த வாழைச்சீப்பு, சீனி, பிஸ்கட், வெற்றிலை எல்லாம் தட்டத்துக்கு இடம் மாறின. சாறியும் போத்தலும் எங்கே போவது? அந்த நேரம் பார்த்து உழவு மெசினோடு புண்ணியமூர்த்தி வந்து சேர்ந்தான். அவனிடம் ஒரு வெறும் யூரியாப் பை இருந்தது.

"என்ன முதலாளி, பட்டுச் சாறிய உரப்பைக்குள்ள அடையிறீங்க?"

"நீ வெள்ளத்தைப் பாத்து ஓட்டு தம்பி. கலியாண வீட்டுக்கு உன்னையும் கூப்பிடுறன்."

"அப்ப மெதுவாப் போறன். சீலை என்ன மணம் மணக்குது!"

சவளக்கடையில் மாப்பிள்ளையின் உம்மா ஸம்ஸியா வாசலில் நெல் காயவைக்க வெயில் பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்திலேயே தட்டத்தைக் கண்டுகொண்டார். அதே தட்டம். காற்றில் அதே மணம். கையில் இருந்த சுளகு நழுவியது.

"வாங்க மச்சி" என்று றபீக்காவைக் கூப்பிட்டார். "எனக்குத் தெரியும். அந்தப் போத்தலாலதான். நானும் ஒருக்கா மணந்து பாத்தன். இத அனுப்பினாத் தட்டம் திரும்பி வந்திரும், பன்னீர் வாங்கி வைப்பமெண்டு நினைச்சன். மகன் ஆசையா எடுத்தனுப்பினது, மாத்த மனம் வரல்ல. இப்ப பாருங்க…"

றபீக்கா முடிச்சை அவிழ்த்தாள். முதல் மூலை, இரண்டாம் மூலை. ஸம்ஸியா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இஞ்ச பாருங்க மச்சி."

வாழைப்பழம். சீனி. வெற்றிலை.

ஸம்ஸியா நின்ற இடத்திலேயே, நெல்லுக்கு விரித்திருந்த பாயில் அமர்ந்தார். "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லத் தொடங்கி, முடிக்க முடியாமல், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தபிறகும் சிரித்தார்.

"என்ட அல்லாஹ், உசிரு போய்த் திரும்பி வந்திட்டு! அப்ப உங்களுக்கு அந்த மணம் புடிச்சிரிக்கா?"

"புடிக்காமலா?" என்றார் ஆதம்பாவா, நேற்றுச் சீச்சீ சொன்ன அதே வாயால். "மூக்குள்ளவங்களுக்குத்தான் அந்தச் சாமான் விளங்கும். வேளாண்மை வெட்டி முடிஞ்ச கையோட நிக்காஹ். மாப்புளை வரக்குள்ள அதில ஒரு பெட்டி கொண்டுவரச் சொல்லுங்க. கடையில வைப்பம்."

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு ஹாஜறாவின் வீடு வந்து சேர்ந்தார்கள். ஸுல்பிகா கதவுக்குப் பின்னால் நின்று முதலில் மாமியின் கைகளைப் பார்த்தாள். தட்டம் இல்லை. மாமாவின் தோளைப் பார்த்தாள். யூரியாப் பை.

"என்ன காக்கா, குடுத்திட்டீங்களா?" என்று ஹாஜறா கேட்டாள்.

"குடுத்தம். நாளும் வெச்சிட்டம்."

"என்ன நாள்?"

வீடு கொஞ்ச நேரம் இரைந்தது. ஹாஜறா கத்தினாள், தன்னைக் கேட்காமல் எப்படி என்றாள், கசப்பைக் கொண்டுவந்து மகள் தலையில் கட்டுகிறார்கள் என்றாள். ஆதம்பாவா பைக்குள் கையை விட்டுப் போத்தலை எடுத்து, தங்கையின் புறங்கையில் ஒரு சொட்டு விட்டார். அவள் உடனே மூக்கில் வைத்தாள்.

"கசக்குது!"

"பொறு தங்கச்சி. பொழுதுபட்டு, மஃரிபுக்குப் பிறகு சொல்லு."

ஹாஜறா கையை மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவளைப்போல் உட்கார்ந்தாள். போகப்போக அந்தக் கை, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, முகத்துக்குக் கிட்டப் போய் வந்தது.

"மாமா, போத்தலைத் தாங்க" என்றாள் ஸுல்பிகா, கதவுக்குப் பின்னாலிருந்து கையை மட்டும் நீட்டி.

"ஒரு சொட்டு எனக்கு உடு புள்ள. கடையில வாறவங்களுக்கு மணக்கக் காட்டணும்."

"ஏலா. அது என்ட."

தன் கலியாணத்தைப் பற்றி அந்தப் பெண் சத்தமாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். இந்தத் தடவை அவளை வாய் மூடச் சொல்ல யாருமில்லை. சொல்ல வேண்டியவள் தன் கையை மணந்துகொண்டிருந்தாள்.