எண்ணெய் தேய்த்த பஞ்சு

நாறும்பூநாதன் நாய்க்கு எண்ணெய் தேய்த்ததில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. குற்றாலம் ஐந்தருவியில் துண்டும் எண்ணெயும் விற்கிற மனிதர். எண்ணெய் தேய்க்காமல் ஓர் உயிரைக் குளிப்பாட்டலாம் என்பதே அவருக்குத் தோன்றவில்லை. உச்சியிலிருந்து வால்வரை நல்லெண்ணெயை அரக்கித் தேய்த்தார். பஞ்சு என்கிற அந்த வெள்ளைப் பொமரேனியன் கையை விட்டு வழுக்கி, பக்கத்து வீட்டுக்குள் பாய்ந்து, ஞானபாக்கியம் காயப்போட்டிருந்த இடியாப்ப மாவில் ஆசைதீர உருண்டது.

ஞானபாக்கியம் அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அண்ணாச்சி, இதை அவிக்கவா, பொரிக்கவா?"

அந்த நேரம் பார்த்து மகள் முத்துலட்சுமி ஸ்கூட்டியை நிறுத்தினாள். "என்னப்பா செஞ்சி வச்சிருக்கீய!"

திங்கட்கிழமை அவள் போலீஸ் பயிற்சிக்குப் போகிறாள். திரும்பும்வரை தன் நாயை அப்பாவிடம் விடுவதா, இலத்தூர்த் தோழி சுஜிதாவிடம் விடுவதா என்பது முடிவாகவில்லை. "சீவிக் குளிப்பாட்டிக் காட்டுங்க, பாப்போம்" என்று காலையில் சொல்லியிருந்தாள். மனைவி போய்ச் சேர்ந்த வீடு. மகளும் போய் நாயும் போனால் அவருக்குத் துணை டிவிதான். அது இவர் சொல்வதைக் கேட்பதே இல்லை.

நாய் ஷாம்பு போட்டு மூன்று முறை அலசியபின் பஞ்சு மறுபடி நாயானது. துவட்டி, ஃபேனுக்கடியில் காயவைத்து, சீப்பை எடுத்தார். ஒரே இழுப்பு. நாய் உறுமியது.

"தேங்கா நாரா உரிக்கீய? வேரைப் பிடிச்சுக்கிட்டு நுனியில இருந்து சீவுங்கப்பா."

அப்படியே செய்தார். சிக்கு அவிழ்ந்தது. பஞ்சு அவர் மடியில் சாய்ந்து கண்ணைச் செருகியது.

"எனக்கு வேலை கிடைச்சுதா, மேடம்?"

"சீவுங்க, சீவுங்க."

காதுக்குப் பின்னால் விரலில் ஏதோ தட்டியது. முடியை விலக்கினார். ஆமணக்கு விதை கணக்காக ஓர் உண்ணி, ரத்தம் குடித்து ஊதிக்கிடந்தது.

முத்துலட்சுமியின் முகம் மாறியது. "கிளம்புற அவசரத்துல ஒரு வாரமா நான் சீப்பையே தொடலப்பா. தினம் சீவுறது அழகுக்கு மட்டுமில்ல. கை படாத எடத்துலதான் இதுக குடியேறும்."

இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் மெல்ல இழுத்தார். முழுசாக வந்தது. பஞ்சு அவர் கையை நக்கியது. அவளையும் ஒரு பார்வை பார்த்தது.

"இப்பவாவது சொல்லுங்க, மேடம்."

"பாப்போம்."

அவர் சீப்பைக் கீழே வைத்தார். கேலி எல்லாம் தீர்ந்துபோயிருந்தது. "ஏட்டி, எங்கிட்ட விட்டுட்டுப் போவியா, மாட்டியா?"

முத்துலட்சுமி நாயைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"பயமாத்தான் இருக்குப்பா. ஆனா இங்கனயே விட்டுட்டுப் போறேன்."