இலையை மூடிய கைகள்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது என்று எழுதி அடித்துவிட்டேன். பொய் இல்லை, அவசரம். கிள்ளானில் எங்கள் கோயில் அன்னதானத்தில் நான் எடுத்த படம் அது.

உங்கள் கைபேசிக்கும் வந்திருக்கலாம். வாழையிலை முன்னால் ஒரு மனிதர். மேலே பாயசக் கரண்டி. போதும் என்பதற்கு நாமெல்லாரும் செய்வதுபோல இலையை இரண்டு கைகளாலும் மூடியிருக்கிறார். கண்கள் மட்டும் மிரண்டு விரிந்திருக்கின்றன. கரண்டிமேல் 'அத்தையின் அறிவுரை', கைகள்மேல் 'நான்' என்று எழுதிக் கோயில் வாட்ஸ்அப் குழுவில் போட்டது நான்தான். என் பெயர் வாணி. பிரிக்பீல்ட்ஸிலிருந்து வெள்ளிதோறும் ரயிலேறிப் பரிமாறப் போகிறவள்.

2

படத்தில் இருப்பவரைப் பற்றி முதலில் எழுதிய தொடக்கம்: "லோரி ஓட்டுநர் சுகுமாறன் அன்று மிகுந்த பசியோடு..." வேண்டாம். அவர் பசி எனக்கு எப்படித் தெரியும்?

அது ஏன் பரவியது என்று எழுதுவது சுலபம். ரவாங்கில் யாரோ கரண்டிக்கு 'ஓவர்டைம்' என்று பெயரிட்டார்கள். யாரோ மலாய் மொழியில் 'மழை' என்று எழுதி, கைகளைக் கொடியில் காயும் துணியாக்கினார்கள். போதும் என்று சொல்ல முடியாத இடம் எல்லாருக்கும் ஒன்று இருக்கிறது. அங்கே நமக்காக இந்த மனிதர் கைகளை விரித்தார்.

[இந்த வாக்கியம் எனக்குப் பிடித்திருக்கிறது. அதனால்தான் சந்தேகம். மூன்று நாள் அந்தப் படம் எங்கெல்லாம் போகிறது என்று பார்த்துப் பூரித்ததை இது அழகாக மறைக்கிறது.]

3

மூன்று வெள்ளி சுகுமாறன் கோயிலுக்கு வரவில்லை. நான்காவது வாரம், ஷா ஆலமில் அவர் வேலைசெய்யும் தொழிற்சாலைக்கு எதிர்க்கடையில் அவரைக் கண்டேன். அவர்முன் தே தாரிக் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

"என்னாண்ணே, ஆளையே காணோம்?"

"வாம்மா, ஒக்காரு. வந்து என்னா பண்றது? கேண்டீன்ல நான் நுழைஞ்சாலே ஆளாளுக்குத் தட்ட மூடுறானுங்க. நேத்து மேனேஜரும் மூடுறாருலா!"

சிரித்தார். நானும் சிரித்தேன். (சிரித்திருக்கக் கூடாது.)

"அது போவுதும்மா. சாமி சோத்த வேணாம்னு சொன்னவன்னு பேரு வந்துருச்சு பாரு, அதான் தாங்கல. சொல்லுவனா நானு?"

"பின்ன ஏண்ணே மூடுனீங்க?"

"எதுத்தாப்ல ஒரு பொண்ணு கைப்புள்ளயோட நின்னுச்சு. பாயச வாளியில அடி தெரிஞ்சுச்சு. அதுக்குப் போவட்டுமேன்னு மூடுனேன். சத்தம் போட்டுச் சொன்னா அந்தப் பொண்ணு கூச்சப்படும்ல?"

கைபேசியை மேசைக்கடியில் திறந்தேன். மூலப் படத்தில், வலது ஓரத்தில், குழந்தையோடு அவள் நிற்கிறாள். அவர் கண்கள் கரண்டியைப் பார்க்கவில்லை. பரிமாறுகிறவருக்கு அவளைக் காட்டுகின்றன. படம் எடுப்பாக இருக்கட்டும் என்று அந்த ஓரத்தை வெட்டியது என் விரல்.

"எடுத்தவங்க யாருன்னு தெரிஞ்சா என்னாண்ணே பண்ணுவீங்க?"

"என்னா பண்றது? ஏன்னு ஒரு வார்த்த கேப்பேன்."

"அண்ணே, அத எடுத்தது நா..."

லோரியை எடுக்கச் சொல்லி அவருக்கு அழைப்பு வந்தது. எழுந்து போனார். [அழைப்பு வந்தது உண்மை. அதற்கு முன்பே நான் நிறுத்திவிட்டதும் உண்மை.]

4

இந்தக் கதைக்கு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முழுப் படத்தையும் குழுவில் போடுகிறேன். எல்லாரும் கைகூப்பும் பொம்மை அனுப்புகிறார்கள். (அனுப்புவார்கள். கேண்டீனுக்கு அது போய்ச் சேராது.)

அவர் மன்னிக்கிறார், நாங்கள் சேர்ந்து பாயசம்... (என் வசதிக்கு எழுதியது.)

அவர் திரும்ப வருவதே...

5

இது வெள்ளிக்கிழமை. ரயில் ஷா ஆலமைத் தாண்டிவிட்டது. நேற்று அவருக்கு, "நாளைக்கு வாங்கண்ணே, ஒண்ணு சொல்லணும்" என்று செய்தி அனுப்பினேன். "பாப்போம்" என்று பதில்.

வந்தால் அவர் வழக்கமான இடத்தில் இலை போடுவேன். கரண்டியைக் கீழே வைப்பேன். எல்லாரும் உட்கார்ந்திருக்கும் பந்தியில் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அதை இங்கே எழுதமாட்டேன். எழுதிவிட்டால் சொல்லிவிட்டதாகவே நினைத்துக்கொள்வேன். என்னை எனக்குத் தெரியும்.

கிள்ளான் வந்துவிட்டது. இறங்குகிறேன்.