சாரம்மா பூசணி

"குழிக்குக் குழி எட்டு முழம் விடு. ஆறு போதாது."

என் கணவர் இதைச் சொன்னபோது நான் சல்லடையில் சாம்பல் சலித்துக்கொண்டிருந்தேன். 1918, புரட்டாசி மாதக் கடைசி. வீட்டின் கீழைச் சுவரோரம் பன்னிரண்டு பனையோலைக் கொட்டான்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பூசணிக் கன்று. விதையிலை இரண்டும் தடித்து, நடுவில் மூன்றாவது இலை சுருக்கம் பிரிந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு வாரத்தில் கொட்டானோடு குழியில் இறக்கிவிடலாம். ஓலை மண்ணுக்குள் மக்கிவிடும், வேர் அசையாது. அவர் குத்தவைத்து உட்கார்ந்து ஒவ்வோர் இலையையும் புரட்டிச் செவ்வண்டு இருக்கிறதா என்று பார்த்தார். இலையில் ஈரம் இருக்கும்போதே சாம்பல் தூவ வேண்டும். வெயில் ஏறிவிட்டால் ஒட்டாது.

"என்னளா, காதுல விழுந்துச்சா?"

"எட்டு முழம். விழுந்துச்சு. சாம்பல் போதுமா, இன்னும் சலிக்கவா?"

"போதும். மூக்குல ஏத்திக்கிடாத."

கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். வாய்க்காலில் கைகால் கழுவிவிட்டு, பள்ளிக்கூடத்துச் சாவியை எடுத்துக்கொண்டு போனார். மத்தியானம் பிள்ளைகளைப் பாதியில் அனுப்பிவிட்டு, காய்ச்சலோடு திரும்பி வந்தார். அந்த மாதம் ஊரை அரித்த விஷக்காய்ச்சல். ஐந்தாம் நாள் காலையில் அவரை அடக்கம் செய்தோம். அவர் பெயர் தேவசிகாமணி. பத்தமடைக்குப் பக்கத்தில், கன்னடியன் கால்வாய்க் கரையில் உள்ள எங்கள் சபையின் பள்ளிக்கூடத்து வாத்தியார்.

சாரம்மாள் அவருடைய முதல் மனைவி. 1909-இல் பிள்ளைப்பேற்றில் இறந்துபோனாள். பிள்ளையும் தங்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து அவர் என்னை மணந்தார். நான் பாளையங்கோட்டையில் விடுதிப் பள்ளியில் படித்தவள். இரண்டாந்தாரமாகப் போகிறோமே என்ற பயத்தோடுதான் அந்த வீட்டுக்குள் கால் வைத்தேன். ஆனால் அங்கே அவளுடையது ஒன்றுமே இல்லை. சேலைகளை அவள் தங்கச்சிக்குக் கொடுத்திருந்தார்கள். பெட்டி தாய்வீட்டுக்குப் போயிருந்தது. இவ்வளவு துப்புரவாக ஒருத்தி போக முடியுமா என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதி ஒரு வாரம் நீடித்தது. அடுப்பு மூட்ட விறகு ஈரமாக இருந்த ஒரு நாள், அடுப்படிச் சுவரில் உயரத்தில் தட்டு அகலத்துக்கு ஒரு வரட்டி ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். அதை எடுக்கக் கை நீட்டினேன். ஒரு நாளும் ஓடாத மனிதர் முற்றத்திலிருந்து ஓடி வந்தார்.

"அதைத் தொடாத! அதுல விதை இருக்கு."

சாணியில் சாம்பலைப் பிசைந்து, அதற்குள் பூசணி விதைகளைப் பதித்துச் சுவரில் தட்டிவிட்டால் எலியும் பூச்சியும் அண்டாது. எங்கள் பக்கத்தில் பலரும் அப்படித்தான் வைப்பார்கள். எனக்கும் அது தெரியும்.

"யார் வச்சது?"

"அவ."

என்னிடம் ஒரு நாளும் அவர் சாரம்மாள் பெயரைச் சொன்னதில்லை. அவ என்றுதான் சொல்லுவார். பெயரைச் சொல்லியிருந்தால் நான் இவ்வளவு கஷ்டப்பட்டிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். ஊரில் சாரம்மாக்கள் பல பேர் உண்டு.

பூசணி வளர்ப்பை நான் அவரிடம்தான் கற்றேன். விதையை ஒரு ராத்திரி ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து, வைக்கோலுக்குள் வைக்க வேண்டும். கொட்டானுக்கு இரண்டு விதை. இரண்டும் முளைத்தால் நலிந்ததைப் பிடுங்கக் கூடாது, நகத்தால் கிள்ளிவிட வேண்டும். பிடுங்கினால் மற்றதன் வேர் ஆடும். சாயங்காலம் தண்ணீர் விடக் கூடாது. ராத்திரி முழுக்க மண் ஈரமாக இருந்தால் கன்று கழுத்தில் அழுகி விழும். முதல் நாலு நாள் நிழல், அப்புறம் காலை வெயில், அப்புறம்தான் முழு வெயில். எதைக் கேட்டாலும் சொல்லுவார். ஒரு நாள் நான் கேட்டேன்:

"இதெல்லாம் எங்க படிச்சிய?"

"அவதான் சொல்லுவா."

அன்றிலிருந்து தண்ணீர் விடும்போதெல்லாம் எனக்கு எரிந்தது.

எரிச்சல் வீட்டோடு நின்றிருந்தால் பொறுத்திருப்பேன். எங்கள் சபையில் தை மாதத்தில் அறுப்பின் பண்டிகை. நெல், வாழைத்தார், கோழி, கருப்பட்டி என்று அவரவர் முதற்பலனைக் கொண்டுவந்து ஆராதனையில் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் கோயில் முற்றத்தில் ஏலம். மணியடித்துக் கோயிலைக் கவனித்துக்கொள்ளும் கோயில்பிள்ளை தேவமணி ஒவ்வொன்றாகத் தலைக்கு மேல் தூக்கிக் கூவுவார். நான் விதை போட்டு, நான் சாம்பல் தூவி, நான் சுமந்து கொண்டுபோன காயைத் தூக்கி அவர் கூவினார்:

"சாரம்மா பூசணி வந்திருக்கு! சாரம்மா பூசணி! கேளுங்க அண்ணாச்சி, கேளுங்க!"

முதல் வருஷம், பழக்கத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன். மூன்றாம் வருஷமும் அதே கூவல். ஐந்தாம் வருஷம் அடுத்த வீட்டுப் பியூலா அக்கா என் தோளில் கை போட்டுக்கொண்டு எல்லாரும் கேட்கச் சொன்னாள்:

"ஒனக்கு அதிர்ஷ்டந்தாம்ளா ஜெபகனி. வீட்டுக்காரரும் பக்குவம், பூசணியும் பக்குவம். ரெண்டையும் சாரம்மாக்கா வளத்து வச்சுட்டுல்லா போயிருக்கா!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அவர் சிரித்ததுதான் எனக்கு மறக்கவில்லை.

எனக்கு அந்தக் காய் வேண்டாம், அதன் பெயர்தான் வேண்டும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஒரே ஒரு பண்டிகையிலாவது தேவமணி 'ஜெபகனி பூசணி' என்று கூவ வேண்டும். வருஷா வருஷம் விதையைப் பதித்து வரட்டி தட்டியது என் கைதான். ஆனால் உள்ளே இருந்தது அவள் விதை. அது சுவரில் இருக்கும்வரை அவள் அடுப்படியில் நின்று நான் சமைப்பதைப் பார்க்கிறாள் என்று இருந்தது எனக்கு.

1918 சித்திரையில் அவர் பாளையங்கோட்டைக்கு உபாத்தியாயர் கூட்டத்துக்குப் போனார். நாலு நாள் திரும்பமாட்டார். இரண்டாம் நாள் காலை, விறகு காய்ந்துதான் இருந்தது. நான் முக்காலி போட்டு ஏறி, வரட்டியைப் பெயர்த்து, இரண்டாக உடைத்து அடுப்பில் வைத்தேன். முதலில் புகைந்தது. பிறகு விதைகள் ஒவ்வொன்றாக வெடித்தன. கடைசி விதை வெடிக்கும்வரை நின்று கேட்டேன். அன்றைக்குச் சோறு எப்போதும்போல நன்றாக வெந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் பத்தமடையிலிருந்து மைதீன் பாத்திமா பாய்க்கட்டோடு வந்தாள். வருஷத்துக்கு இரண்டு தடவை எங்கள் தெருவுக்கு வருவாள்.

"வாத்தியாரம்மா, பாய் வேணுமா? மொகம் ஏன் இப்பிடி இருக்கு?"

"பாய் இருக்கட்டும். உங்க வீட்டுக் கூரையில பூசணி படந்திருக்குமே, அந்த விதை இருக்கா?"

"விதையா? நீங்க எனக்குத் தரணும், நான் ஒங்களுக்குத் தரவா? ஒங்க ஊரு சாரம்மா பூசணி பேரு எங்கூரு வரைக்கும் கேக்குது."

"எலி தின்னுட்டு."

பாத்திமா சுவரில் இருந்த வட்டத் தடத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"எலிக்கு ரொம்பத்தான் பசி போல," என்றாள். அடுத்த நாளே ஒரு சிரட்டை நிறைய விதை கொண்டுவந்து கொடுத்துவிட்டு, விலை சொல்லாமல் போனாள். அன்றே சாணி பிசைந்து அதே இடத்தில் தட்டினேன். சித்திரை வெக்கையிலும் அடுப்புச் சூட்டிலும் அவர் வருவதற்குள் காய்ந்துவிட்டது.

புரட்டாசி பிறந்ததும் அவர் வரட்டியை எடுத்துத் தண்ணீரில் கரைத்தார். விதைகளைக் கழுவி உள்ளங்கையில் பரப்பினார். சாரம்மாளின் விதை வெள்ளையாக, சன்னமாக இருக்கும். இது கொஞ்சம் பழுப்பு, ஓரம் தடித்தது. அவர் நெடுநேரம் பார்த்தார்.

"முத்துன விதைதான்," என்று சொல்லி ஊறப்போட்டார்.

தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். அடுத்து வந்த இருபது நாளைப் போல் நான் சந்தோஷமாக இருந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஒரு கன்று விதைத்தோலைத் தொப்பி போல மாட்டிக்கொண்டு எழுந்தது. நான் இழுக்கப் போனேன். "பைய, பைய. இழுத்தா இலை அந்துரும்," என்று விரலை நனைத்து ஒரு சொட்டுத் தண்ணீரை அதன்மேல் வைத்தார். மாலைக்குள் தோல் தானாகக் கழன்றது. அவர் விரல் பட்டதெல்லாம் நான் கொண்டுவந்த விதை. அவருக்கு அது தெரியாது. தெரியாமலே என் விதையைச் சீராட்டுகிறார். எனக்குள் பாட்டு வந்தது. பாத்திரம் கழுவும்போதுகூடப் பாடினேன்.

அவர் போன பிறகு மூன்று நாள் நான் கீழைச் சுவர்ப் பக்கம் போகவே இல்லை. பியூலா அக்காதான் எனக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள், கன்றுகளுக்கும் தண்ணீர் விட்டாள். நாலாம் நாள் போய்ப் பார்த்தேன். ஐந்து கன்றுகள் கழுத்தில் நூலாகச் சுருங்கி விழுந்து கிடந்தன.

"எப்பக்கா தண்ணி விட்டிய?"

"சாயந்தரம் வேலையெல்லாம் முடிஞ்ச பெறவு. ஏன்?"

"சாயந்தரம் விடக் கூடாதுன்னு தெரியாதா? ராத்திரியெல்லாம் ஈரம் நின்னா கழுத்து அழுகாதா?"

கத்திவிட்டேன். கத்தி முடித்தபிறகுதான் அது யார் சொன்ன பேச்சு என்று உறைத்தது. பியூலா அக்கா கோபப்படவில்லை. "அழுதுரு ஜெபகனி," என்றாள். எனக்கு அழுகை வரவில்லை.

மிச்சம் ஏழு. வாய்க்கால் கரையில் குழி எடுக்கப் போனேன். முழங்கையை மண்ணில் வைத்து ஆறு முழம் அளந்து குச்சி நட்டேன். ஏழு வருஷமும் அதே ஆறு முழம். சாரம்மா பூசணி அடக்கமாகப் படருகிற கொடி. இரண்டாவது குச்சியைக் கையில் எடுத்தபோது அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. எட்டு முழம் விடு. ஆறு போதாது.

ஏன் போதாது?

பத்தமடைக் கூரைகளில் படர்ந்திருக்கும் கொடியை அவர் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். ஒரு கொடி ஒரு கூரையையே மூடிவிடும். அந்த விதை எந்த ஊர் விதை என்று உள்ளங்கையில் பரப்பிய அன்றே அவருக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் அவள் விதை எங்கே போனது என்பதும் தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டுதான் இருபது நாள் தினமும் காலையில் அந்தக் கன்றுகளின் முன் குத்தவைத்திருக்கிறார். நான் பாடியதையும் கேட்டிருக்கிறார்.

குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஈரக் கரையில் உட்கார்ந்துவிட்டேன். என்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்து அழுதிருக்க வேண்டும். ஆனால் என் மனம் அப்போதும் வேறு வழியில்தான் போயிற்று. சாரம்மாள் இப்படி ஒன்றைச் செய்திருந்தால் அவர் கேட்டிருப்பார். சத்தம் போட்டிருப்பார். அவளோடு சண்டை போடும் அளவுக்கு அவருக்கு உரிமை இருந்தது. என்னிடம் எட்டு முழம் என்றுமட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த மௌனம் எனக்காகவா, என்னிடம் பேச ஒன்றும் இல்லாததாலா? இத்தனை வருஷம் கழித்தும் இது எனக்குத் தீரவில்லை.

எட்டு முழம் விட்டு நட்டேன். கொடி படர்ந்தபோது அந்த எட்டு முழம் சரியாகத்தான் இருந்தது.

தைக் கடைசியில் பண்டிகை வந்தது. இருந்ததில் பெரிய காயைச் சுமந்துகொண்டு போனேன். சாரம்மாளின் காய் உருண்டை, வழவழப்பு, மஞ்சள். இது தட்டையாக, ஆழமான வரிகளோடு, தோலில் சாம்பல் பூத்து இருந்தது. கண் தெரியாதவர்கூடத் தடவிச் சொல்லிவிடலாம். தேவமணி தூக்கினார். கொஞ்சம் புரட்டிப் பார்த்தார்.

"சாரம்மா பூசணி! நம்ம வாத்தியார் கையால வச்சுட்டுப் போனது! கேளுங்க!"

"அண்ணாச்சி, இது வேற மாதிரில்லா இருக்கு?" என்று யாரோ கேட்டார்கள்.

"இந்த வருஷம் தண்ணி மாறிருக்கும்வே. எந்தத் தோட்டம்? சாரம்மா தோட்டம். அப்ப சாரம்மா பூசணிதான்."

நான் எழுந்து நின்றேன். முற்றத்தில் அத்தனை பேர் முன்னிலையில் நான் அதற்குமுன் பேசியதில்லை.

"இது அவங்க விதை இல்ல. அவங்க விதையை நான் அடுப்புல போட்டு எரிச்சுட்டேன். இது நான் வாங்குன விதை."

தேவமணி காயைத் தலைக்குமேல் பிடித்தபடி நின்றார். நான் கேட்க ஆசைப்பட்ட பெயரை அவர் இப்போது சொல்லலாம். திட்டியும் சொல்லலாம். எதுவாக இருந்தாலும் என் பெயரைச் சொல்லித்தான் திட்ட வேண்டும்.

பியூலா அக்கா வந்து என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். "பாவம், நாலு மாசமாச் சரியாத் தூங்கல. என்ன பேசுதோம்னு அவளுக்கே தெரியல," என்றாள். பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். தேவமணி தொண்டையைச் செருமிக்கொண்டு, முன்னைவிடச் சத்தமாக ஏலத்தைத் தொடர்ந்தார்.

அதற்குப் பிறகு நான் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. பாத்திமாவிடம் மட்டும் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, "அப்ப எங்கூட்டுப் பூசணிக்கும் அவ பேருதானா?" என்றாள்.

இப்போது இந்தப் பக்கத்து ஊர்களில் எல்லாம் தட்டையாக, வரியோடுதான் பூசணி காய்க்கிறது. உருண்டைக் காயைப் பார்த்தவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆவணி பிறந்தால் விதை கேட்டு ஆள் வருவார்கள். அடுப்படிச் சுவரிலிருந்து வரட்டியை எடுத்து உடைத்துக் கொடுப்பேன். காலையில் தண்ணீர் விடுங்கள், நலிந்ததைக் கிள்ளிவிடுங்கள், எட்டு முழம் விடுங்கள் என்று சொல்லி அனுப்புவேன். வாசலில் நின்று அவர்கள் கேட்பது சாரம்மா பூசணி விதைதான்.