தேச்சாச்சு

இஸ்திரிக் கடை வைத்திருப்பவளுக்கு யாராவது துணியைப் பற்றி யோசனை சொன்னால் பற்றிக்கொண்டு வரும். சொன்னது நாத்தனாராக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

"அண்ணி, காலர்ல மட்டும் மடிப்பு விழாம பாத்துக்கோங்க. திங்கக்கிழமை வேலையில சேரணும். ஆஸ்பத்திரி லேப், கோட்டு இல்லாம உள்ளயே விடமாட்டாங்க" என்று சொல்லி, சின்னவள் வெள்ளைப் பருத்திக் கோட்டையும் பாலியஸ்டர் பேண்ட்டையும் கொடுத்துவிட்டுப் போனாள்.

எனக்கே பாடமா என்று அண்ணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். கை என்னவோ வழக்கப்படி வேலை செய்தது. கோட்டில் தண்ணீர் தெளித்து, பேண்ட்டை உள்ளே வைத்து, ஈரம் சீராகப் பரவட்டும் என்று இறுக்கிச் சுருட்டியது. கொஞ்ச நேரத்தில் பிரித்துத் தேய்த்தால் கோட்டு விறைப்பாக நிற்கும். ஆனால் அவள் சுருட்டலை மேசைக்கு அடியில் தள்ளி, "கிடக்கட்டும்" என்றாள். கிடந்தது.

வெளியே நாலைந்து நாளாக விடாத மழை. இடையில் சின்னவள் கடையை எட்டிப் பார்த்து, "ஆச்சா அண்ணி?" என்றாள். எந்த இஸ்திரிக் கடையிலும் வாடிக்கையாளருக்குக் கிடைக்கிற பதில்தான் இவள் வாயிலும் வந்தது.

"தேச்சாச்சு."

ஞாயிறு சாயங்காலம்தான் ஞாபகம் வந்து பிரித்தாள். குப்பென்று புழுங்கல் வாடை. கோட்டின் முதுகில் கடுகு சிந்தியதுபோல் கரும்புள்ளிகள். பாலியஸ்டரைப் பூஞ்சை தொடாது என்று நினைத்திருந்தாள். அதன்மேலும் சாம்பல் பூத்திருந்தது. துடைத்ததும் பேண்ட்டில் போய்விட்டது. கோட்டில் நூலுக்குள்ளேயே இறங்கியிருந்தது. சோப்பும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்தும் அசையவில்லை. இந்த ஒரு வேலைக்காக அந்தப் பெண் எத்தனை வாசல் ஏறி இறங்கினாள் என்று இவளுக்குத் தெரியாதா?

கோட்டைத் தூக்கிப் பார்த்த மாமியார் மகள்மேல் பாய்ந்தார். "ஒழுங்கா காயவெக்காம குடுத்திருப்ப! ஆஸ்பத்திரில இருக்கற கிருமி பத்தாதுன்னு வீட்லேர்ந்து வேற கூட்டிட்டுப் போறியா?"

சின்னவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆமாம்மா, அவசரத்துல நான்தான் கவனிக்கல போல."

தப்பித்தோம் என்று ஒரு கணம் தோன்றியது அண்ணிக்கே அசிங்கமாக இருந்தது.

சின்னவள் இவள் பக்கம் திரும்பினாள். "பாவம் அண்ணி நீங்க. அக்கறையா தேச்சதெல்லாம் வீணாப் போச்சு."

அதற்குமேல் தாங்கவில்லை. "நான் தேய்க்கவே இல்லடி. நீ காலரைப் பத்திச் சொன்னதுல கோவம். தண்ணி தெளிச்சு சுருட்டி அப்படியே போட்டுட்டேன். தேச்சாச்சுன்னு பொய் சொன்னேன்."

சின்னவள் நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது தேவலை. அவள் ஈரக் கோட்டை எடுத்து மேசைமேல் விரித்தாள்.

"வேற கோட்டு இல்ல. இப்பவாவது தேச்சுக் குடுங்க."

அண்ணி தேய்த்தாள். சுருக்கம் போகப் போகப் புள்ளிகள் ஒவ்வொன்றும் எடுப்பாகத் தெரிந்தன. காலரில் ஒரு மடிப்புகூட விழவில்லை.