மரத்துறையில் தீயணைப்புப் படையின் துண்டு

இப்போதெல்லாம் மனிதர்கள் உட்காருவதில்லை, இடம் பிடிக்கிறார்கள். விடியுமுன் ஹோட்டல் மாடியிலிருந்து துண்டோடு இறங்கி வருகிறார்கள். ஏரிக்கரைச் சாய்நாற்காலியில் அதை விரித்துவிட்டு மறுபடி போய்ப் படுக்கிறார்கள். அப்புறம் முட்டையும் ரொட்டியும் வயிறுமுட்டத் தின்றுவிட்டு, பஸ் ஏறி மலை பார்க்கப் போய்விடுகிறார்கள். பகல் முழுக்கத் துண்டுதான் வெயில் காய்கிறது. ஓய்வெடுக்க வந்தது யார், ஆளா துண்டா?

அந்த ஏரிக்கரை ஊர்க்காரர் எங்கல்பெர்ட் இதைத் தன் மனைவி புர்கலிடம் சொல்லாத நாளில்லை. அவள் காப்பியைக் கலக்கிக்கொண்டே, "நீங்க நீந்தப் போறீங்களா, துண்டு எண்ணப் போறீங்களா?" என்பாள்.

நீந்தத்தான். காகித ஆலையில் கொதிகலனுக்குத் தீ போட்டே தேய்ந்துபோன இடுப்பு அவருடையது. காலையில் ஏரித் தண்ணீர் பட்டால்தான் அன்றைக்கு நடமாட விடும். கரையெல்லாம் வழுக்குப் பாறை, அவரால் இறங்க முடியாது. ஏரிக்குள் நீளும் மரத்துறையின் முனையில் மட்டும் இரும்பு ஏணி உண்டு. அந்தத் துறையின் தூண்களை, ஏரி உறைந்து கிடந்த ஒரு தை மாதத்தில், பனிக்கட்டிமேல் நின்று ஊர் ஆண்கள் இறக்கினார்கள். எங்கல்பெர்ட்டும் சம்மட்டி பிடித்தவர். போன குளிர்காலம் ஊராட்சி அதை ஹோட்டலுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டது; துறைமேலும் சாய்நாற்காலிகள் வந்துவிட்டன.

அன்று காலை துறையின் வாயில் மஞ்சள் சங்கிலி தொங்கியது. எங்கல்பெர்ட் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தாண்டினார்.

"ஐயா, ஐயா! அது ஹோட்டல் விருந்தாளிங்களுக்கு மட்டும்!" வியன்னாவிலிருந்து வந்திருந்த மேலாளர் லாரிஸா ஓடிவந்தாள்.

"நான் விருந்தாளி இல்லம்மா. வீட்டுக்காரன்."

"விருந்தாளின்னா கையில நீலப் பட்டை இருக்கணும்."

"என் கையில ரோமம்தான் இருக்கு. வேணும்னா பாத்துக்க."

சாய்நாற்காலி ஒன்றில் ஜெர்மானியர் போல்மன் எழுந்து உட்கார்ந்தார். தொப்பை பெரிது, குரல் அதைவிடப் பெரிது. "இவரு தினமும் வர்றாரு மேடம். நேத்தே சொன்னேன். நாங்க காசு குடுத்து வந்திருக்கோம்!"

"போட்டுக் குடுத்தது நீதானா?" என்றார் எங்கல்பெர்ட். ஆனால் அன்று நீந்தவில்லை. பெண்பிள்ளையைத் தள்ளிவிட்டு ஏணிக்குப் போக அவருக்கு மனம் வரவில்லை. அது அவருக்கே எரிச்சலாக இருந்தது. திரும்பும்போதுதான் சங்கிலிப் பக்கத்துப் பலகையைப் பார்த்தார். எழுத்துக்கூட்டிப் படித்தார். துண்டு விரித்த நாற்காலியை யாரும் தொடக்கூடாது, இப்படிக்கு நிர்வாகம். முந்தின வருடம் ஒரு துண்டை எடுத்துப் போட்டதற்காக இரண்டு குடும்பங்கள் காலை உணவு மேசையிலேயே கைகலந்து, ஒருவர் மூக்கில் வெண்ணெய்க் கிண்ணம் பட்டது ஊருக்கே தெரியும்.

மாலைக்குள் இடுப்பு கல்லாகிவிட்டது. நாற்காலியிலிருந்து எழப் புர்கல் தோள் கொடுக்க வேண்டியிருந்தது. "சரி, எழுதிக் குடுத்து ஊராட்சியில அனுமதி கேளுங்களேன்," என்றாள்.

"நான் அடிச்ச தூணுக்கு நானே அனுமதி கேக்கணுமா? அலமாரியில அந்தத் துண்டு இருக்குல்ல, அத எடு."

"எத? தீயணைப்புப் படை விழாவுல குலுக்கல்ல விழுந்ததா? ஐயையே, அதுல தலைக்கவசம் படம் போட்டிருக்கே!"

"தூரத்துலேர்ந்து தெரியணும்."

மறுநாள் மற்றவர்களுக்கு முன்னால் போய், ஏணிக்குப் பக்கத்து நாற்காலியில் அந்தச் சிவப்புத் துண்டை விரித்தார். பிறகு தண்ணீரில் இறங்கினார். குளிர் எலும்பில் ஏறியது. இடுப்பு மெல்ல இளகியது. வெயில் வந்து, ஆட்கள் வந்து, லாரிஸாவும் வந்தாள்.

"நேத்து சொன்னது புரியலையா ஐயா? மேல வாங்க. இந்தத் துண்ட நான் எடுக்கறேன்."

அவள் கை துண்டின் ஓரத்தைத் தொட்டதுதான் தாமதம்.

"கைய எடுங்க மேடம்!" போல்மன்தான். "துண்டத் தொடாதீங்க!"

"சார், இவரு விருந்தாளியே இல்ல. நீங்கதானே புகார் சொன்னீங்க?"

"அது வேற. இப்ப துண்டு இருக்கு. இன்னிக்கு அவரு துண்ட எடுப்பீங்க, நாளைக்கு நான் மலைக்குப் போனதும் என் துண்ட எடுப்பீங்க. பலகை என்னத்துக்கு?"

"ஆமா, என்னத்துக்கு?" என்று இரண்டு நாற்காலி தள்ளி ஒரு அம்மாள் எழுந்தாள். கரையில் தலைகள் வரிசையாக நிமிர்ந்தன. ஒவ்வொரு கையும் தன் தன் துண்டைப் பற்றியது.

எங்கல்பெர்ட் ஏணியைப் பிடித்தபடி, தண்ணீரிலிருந்து தலையை மட்டும் நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க பலகைய நீங்களே படிங்கம்மா. நான் மெதுவாத்தான் படிச்சேன், இருந்தாலும் முழுசாப் படிச்சேன்."

லாரிஸா துண்டை விட்டுவிட்டாள். அவர் ஏறி வந்ததும் ஒதுக்கமாகக் கூப்பிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு நீலப் பட்டையை எடுத்தாள். குரல் இறங்கியிருந்தது. "காசு எதுவும் வேண்டாம் ஐயா. இதக் கட்டிக்கிட்டு தினமும் வாங்க. நானும் மேலிடத்துக்குப் பதில் சொல்லணும்ல?"

நல்ல பெண்தான் போலிருக்கிறது. அதுதான் அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

"மலைமேல மேயற மாட்டுக்குக் காதுல பட்டை போடுவோம்," என்றார். "தொலைஞ்சா யார் மாடுன்னு தெரியணும், அதுக்கு. நான் தொலையல. யாரோட மாடும் இல்ல."

"அப்ப நாளைக்கு?"

"நாளைக்கும் துண்டு வரும்."

போல்மன் தொப்பையைத் தூக்கிக்கொண்டு வந்து கை நீட்டினார். "கவலைப்படாதீங்க பெரியவரே. நாங்க இங்கதான் இருக்கோம். உங்க துண்ட நான் பாத்துக்கறேன்."

எங்கல்பெர்ட் அந்தக் கையைப் பார்த்தார். நேற்று ஆளைக் காட்டிக் கொடுத்தவன் இன்றைக்குத் துண்டுக்குக் காவல். துண்டில்லாமல் அவர் நின்றிருந்தால் இந்த வாய் எந்தப் பக்கம் பேசியிருக்கும்?

"துண்ட நல்லாவே பாத்துக்குவ," என்றார். "அதுல எனக்குச் சந்தேகமே இல்ல."

கை குலுக்கவில்லை. துண்டையும் எடுக்கவில்லை. தலைக்கவசப் படம் வெயிலைப் பார்த்தபடி நாற்காலியில் கிடக்க, முதுகில் நீர் சொட்டச் சொட்டத் துறையின் பலகைகளில் நடந்தார். சங்கிலி இன்னும் அங்கேதான் தொங்கியது. பின்னால் யாரோ அதை அவிழ்க்க ஓடிவரும் சத்தம் கேட்டது. அவர் நிற்கவில்லை. இளகியிருந்த இடுப்பை வளைத்து, அதைத் தாண்டியே போனார்.